சூப்பர்வைசர் ஆகிவிட்ட ஒரு வாசகிக்கு



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் ஃபைலில் போட மனம் வரவில்லை. திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் வாசகி எழுதியது. கைமடியாகச் சேர்ந்து, ஓவர்லாக் தைக்கப் பழகி, செக்கிங்கில் கொஞ்ச காலம் இருந்து, இப்போது ஒரு லைனுக்கே சூப்பர்வைசர் ஆகியிருக்கிறார். படிப்படியாக மேலே வந்தவர். சந்தோஷமாகத்தான் ஆரம்பிக்கிறார். இரண்டாவது பக்கத்துக்குள் கலக்கம் வந்துவிடுகிறது.

மிஷினில் நூல் கோக்கச் சொல்லிக்கொடுத்த அக்காவே இன்றைக்கு இவருடைய லைனில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் போய் "டார்கெட் வரலியே" என்று எந்த வாயால் கேட்பது? "அதட்டி வேலை வாங்க எனக்கு வராது. கெஞ்சினால் மதிப்பில்லை. மேனேஜர் சார் தினமும் ‘நீ மோட்டிவேட் பண்ணணும்மா’ என்கிறார். எப்படி என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் எத்தனையோ பேரை வைத்து வேலை பார்த்திருப்பீர்கள். இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

அவருக்குத் தனியாகப் பதில் போட்டுவிட்டேன். இருந்தாலும் இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது மட்டும் அல்ல என்று தோன்றியது. நேற்றுவரை பக்கத்து நாற்காலியில் இருந்தவர் இன்று ஹெட் கிளார்க் ஆகிறார். உதவித் தலைமை ஆசிரியர் தலைமை ஆசிரியர் ஆகிறார். வார்டில் ஒரு நர்ஸ் பொறுப்பு சிஸ்டர் ஆகிறார். மகளிர் குழுவில் ஒருத்தியை ஊக்குநர் ஆக்கிவிடுகிறார்கள். ஆர்டர் கையில் வருகிறது. எப்படி நடந்துகொள்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் இந்தப் பக்கத்தை முழுதாக இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

நான் நம்புவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் நன்றாக வேலை செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் காலையில் வாசலைத் தாண்டுகிறார்கள். மத்தியானத்துக்குள் அது எங்கேயோ கரைந்துவிடுகிறது. எங்கே கரைகிறது, எதனால் கரைகிறது என்று தேடிப் பார்த்துச் சரிசெய்வதுதான் மேலே இருப்பவரின் முதல் வேலை. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

இதை எனக்குப் புரியவைத்தவர் ஓர் அச்சகத்தின் ஃபோர்மேன்.

நான் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது பத்திரிகைகள் இன்னும் ஈய எழுத்தில்தான் அச்சாகிக்கொண்டிருந்தன. சாய்வான மர ஸ்டாண்டின்மேல் கேஸ். கேஸ் முழுக்கச் சின்னச் சின்ன அறைகள், அறைக்கு ஓர் எழுத்து. கம்பாசிட்டர் இடது கையில் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை எங்கள் கையெழுத்தின் மேல் வைத்தபடி, வலது கையால் எழுத்துகளைப் பொறுக்கி அடுக்குவார். எழுத்தின் முகத்தை ஒவ்வொரு தடவையும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு பத்தி முடியவே பொழுது போய்விடும். ஒவ்வோர் எழுத்தின் உடம்பிலும் ஒரு பக்கம் சின்னதாகப் பள்ளம் வெட்டியிருக்கும். அது விரலில் தட்டுப்பட்டால் எழுத்து நேராக இருக்கிறது என்று அர்த்தம். கண் வாசிக்கும், விரல் பார்க்கும். அவ்வளவு பழக்கம்.

அந்த வேலையில் பெரிய தொல்லை எழுத்துத் தட்டுப்பாடு. எத்தனை கிலோ ஈயம் வாங்கிப் போட்டாலும் புள்ளி எழுத்துகளும் துணைக்காலும் போதாமல் போகும். நடுப் பத்தியில் ஓர் எழுத்து தீர்ந்துவிட்டால் கம்பாசிட்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அச்சாகி முடிந்த பாரத்தைக் கழுவி, கட்டை அவிழ்த்து, அதில் உள்ள ஒவ்வோர் எழுத்தையும் பிரித்து அதனதன் அறையில் திரும்பப் போட்டால்தான் அடுத்த பக்கம் ஓடும். பேர் கிடைக்காத வேலை, சலிப்பான வேலை. புதிதாகச் சேர்ந்த பையன்கள் தலையில்தான் அது விழும்.

ஒரு நாள் சாயங்காலம், எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, புரூஃப் வாங்கக் கீழே இறங்கிப் போனேன். ஃபோர்மேன் தனியாகக் கேஸின் முன் நின்று எழுத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்தவர், வேலையில் எல்லோருக்கும் மூத்தவர். இடது உள்ளங்கையில் நாலைந்து வரிகளை நிறுத்திப் பிடித்திருக்கிறார். வலது கை ஒரு சொல் அளவுக்கு எழுத்துகளை எடுத்து, கேஸின்மேல் போய்க்கொண்டே ஒவ்வொன்றாக நழுவவிடுகிறது. ஈயம் மரத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்கிறது. விரல் நுனி கறுத்து, நகக்கண்ணில் மை ஏறி இருக்கிறது. "பசங்க இருக்காங்களே, நீங்க ஏன்?" என்று கேட்டேன். அவர் கையை நிறுத்தவில்லை.

"காலையில வந்ததும் கேஸ்ல எழுத்து இல்லேன்னா அவன் என் மூஞ்சியத்தான் பார்ப்பான் தம்பி. அப்புறம் நான் என்ன சொன்னாலும் காதுல ஏறாது."

அந்தப் பையன்களையும் அவர் விட்டுவிடவில்லை. ஆளுக்கு ஒரு நாள் என்று பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். திரும்பப் போடப் போடத்தான் எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்பது கையில் ஏறும். அதன் பிறகு ஸ்டிக்கைக் கொடுத்தால் போதும். பிரிக்கிற வேலையைத் தண்டனையாக நினைத்தவன், பெரியவரே அதைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்ததும் தொழிலின் முதல் பாடமாக எடுத்துக்கொண்டான். அவர் யாருக்கும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. தீபாவளி மலர் வேலையில் இரவு முழுக்க விளக்கு எரியும். யாரையும் இருக்கச் சொல்லத் தேவைப்படாது.

பிறகு நான் வேலை பார்த்த இடங்களில் இதற்கு நேர்மாறானதையும் பார்த்தேன். ஓர் அலுவலகத்தில் திங்கள்கிழமை தவறாமல் கூட்டம் நடக்கும். மேலதிகாரி நன்றாகப் பேசுவார். நாம்தான் முதலிடம், வானமே எல்லை என்பார். கைதட்டுவோம். அதே நேரத்தில் புகைப்படக்காரர் ஃபிலிம் ரோல் வாங்கக் கேட்ட பணத்துக்கான வவுச்சர் மேலதிகாரியின் மேசையிலேயே கையெழுத்து ஆகாமல் கிடக்கும். அந்த மனிதர் நாள் கணக்கில் அறை வாசலில் நின்றுவிட்டு வருவார். கூட்டத்தில் கேட்ட பேச்சை யாராவது நினைவில் வைத்திருப்பார்களா? வாசலில் நின்றதை அவர் மறக்கவே இல்லை.

அந்த ஃபோர்மேன் ஓர் அறைக்குள் செய்ததை ஒரு பெரிய மருத்துவமனை அளவுக்குச் செய்து காட்டிய மனிதர் நம் மதுரையில் இருந்தார். டாக்டர் ஜி. வெங்கடசாமி. அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். ‘டாக்டர் வி’ என்று உலகம் முழுக்கக் கண் மருத்துவர்கள் அறிந்தவர். அவரைப் பற்றி நாம் பேசும்போது எத்தனை லட்சம் பேருக்கு இலவசச் சிகிச்சை என்ற கணக்கோடு நிறுத்திக்கொள்கிறோம். அதைவிட ஆழமான பாடம் அங்கே வேலையை அமைத்த விதத்தில் இருக்கிறது.

1918-ல் கரிசல் பூமியில் உள்ள வடமலாபுரத்தில் பிறந்தவர். உறவில் இளம்பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து, மகப்பேறு மருத்துவர் ஆக வேண்டும் என்றுதான் நினைத்தார். சென்னை ஸ்டான்லியில் 1944-ல் மருத்துவப் படிப்பை முடித்து, ராணுவ மருத்துவப் பணிக்குப் போனார். அங்கே முடக்குவாதம் பிடித்துக்கொண்டது. நீண்ட காலம் படுக்கை. எழுந்தபோது கைவிரல்கள் கோணிப்போய் இருந்தன. பேனா பிடிப்பதே சிரமம். மகப்பேறு மருத்துவம் இனி முடியாது என்று தெரிந்ததும் கண் மருத்துவத்துக்கு மாறினார். வளைந்த அந்த விரல்களையே கத்தி பிடிக்கப் பழக்கி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார் என்று சொல்கிறார்கள். 1956-லிருந்து மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் துறையின் தலைவர். 1976-ல், 58 வயதில், அரசு ஓய்வு கொடுத்தது. அந்த வருஷமே தம்பி தங்கைகள் குடும்பத்தாரைக் கூட்டி, 11 படுக்கைகளோடு ஒரு வீட்டில் மருத்துவமனையை ஆரம்பித்தார். பணத்துக்கு வீட்டை அடகு வைக்க வேண்டியிருந்தது. தான் சம்பளம் எடுக்கவில்லை, பென்ஷனில் வாழ்ந்தார்.

இதுவரை சொன்னது ஒரு தனி மனிதரின் மன உறுதி. அதைக் கேட்டு வியக்கலாம். நம் வாசகிக்கு லைனில் நாளைக்கு உதவாது. உதவக்கூடியது அடுத்து வருவதுதான்.

அரவிந்தில் கண்புரை அறுவை நடக்கும் விதத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றைச் சொல்வார்கள். டாக்டருக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையில் அவர் அறுவை செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த மேசையில் நோயாளியைப் படுக்க வைத்து, கண்ணைச் சுற்றித் துடைத்து, துணி போர்த்தி, கருவித் தட்டைத் தயாராக வைத்துவிடுகிறார்கள் சிஸ்டர்கள். முதல் கண் முடிந்ததும் டாக்டர் அப்படியே திரும்புகிறார், மைக்ராஸ்கோப்பும் கூடவே திரும்புகிறது. இடையில் அவர் எதையும் தேடுவதில்லை, யாரையும் கூப்பிடுவதில்லை. ஒரு டாக்டர் ஆண்டுக்கு 2,000 அறுவை சிகிச்சைகள் வரைகூடச் செய்ய முடிவது இதனால்தான். சாதாரணமாக இந்த வேலையில் டாக்டரின் நேரம் காத்திருப்பதிலும் தேடுவதிலும்தான் கரையும். அதை எடுத்துவிட்டார்கள். விரலின் வேகத்தைக் கூட்டச் சொல்லி யாரையும் விரட்டவில்லை.

அந்த சிஸ்டர்கள் யார்? பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பள்ளிப்படிப்பு முடித்த பெண்கள். இரண்டு வருஷம் பயிற்சி. அதன் பிறகு பார்வை அளவு பார்ப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, அறுவைக்குத் தயார் செய்வது, மேசையில் டாக்டருக்கு உதவுவது, பயந்து நிற்கும் பாட்டியின் கையைப் பிடித்து விஷயத்தை விளக்குவது என்று மருத்துவமனையின் பெரும்பகுதி வேலை அவர்கள் கையில். டாக்டர் மட்டுமே செய்யக்கூடியது டாக்டரிடம் இருக்கிறது. மற்றது முழுக்க இவர்களிடம். ஊரில் அடுத்து என்ன என்று தெரியாமல் நின்ற ஒரு பெண், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து அதில் தேர்ந்தவள் ஆகிறாள். கட்டு அவிழ்த்ததும் "யம்மா, உன் முகம் தெரியுதுடி" என்று ஒரு கிழவி சொல்வதை அவள்தான் முதலில் கேட்கிறாள். இதைவிடப் பெரிய மோட்டிவேஷன் வகுப்பு எங்கே இருக்கிறது? அங்கேயும் வேலை கடினம்தான். நாள் முழுக்க நிற்க வேண்டும், கூட்டம் குறையாது. ஆனால் தான் செய்த வேலையால் யாருக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரிகிறது.

இதிலும் எனக்கு மிகவும் பிடித்தது கண் முகாம்களின் கதை. கிராமத்தில் முகாம் போட்டார்கள். புரை முற்றியவர்களைக் கண்டுபிடித்து, மதுரைக்கு வந்தால் இலவசமாக அறுவை செய்கிறோம் என்றார்கள். மிகச் சிறு பகுதியினர்தான் வந்தார்கள். இந்த இடத்தில் படித்தவர்கள் வழக்கமாக என்ன சொல்வோம்? "சும்மா கொடுத்தாலும் வாங்கத் தெரியாத ஜனங்க" என்போம். அரவிந்த்காரர்கள் அப்படிச் சொல்லிவிட்டு உட்காரவில்லை, ஏன் வரவில்லை என்று போய்க் கேட்டார்கள். பஸ்ஸுக்குக் காசு இல்லை. அங்கே போனால் சாப்பாடு யார் போடுவார்கள்? கூட யார் வருவார்கள், வந்தால் அவர்களுடைய கூலி போகுமே? கண்ணில் கத்தி வைத்து இருக்கிற பார்வையும் போய்விட்டால்? அறுவை இலவசமாக இருந்தது. அறுவைக்கு வந்து சேருவது இலவசமாக இல்லை. அப்புறம் மருத்துவமனையே பஸ் அனுப்பியது, சாப்பாடு போட்டது. ஒரே ஊர்க்காரர்களைச் சேர்த்துக் கூட்டிவந்து சேர்த்தே கொண்டுபோய் விட்டது. துணைக்கு ஊராரே இருந்ததால் பயமும் குறைந்தது. கூட்டம் வந்தது.

திருப்பூர் சகோதரி இந்த ஒரு பத்தியை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டாலும் எனக்குத் திருப்திதான். டார்கெட் வராததும், கூப்பிட்டும் அந்த ஜனங்கள் வராதது போலத்தான். அதட்டலும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். ஏன் என்று கேட்க வேண்டும்; கேட்டுவிட்டு அதன்படி எதையாவது மாற்ற வேண்டும். கேட்டுவிட்டு ஒன்றும் மாற்றாமல் இருந்தால் கேட்காமலே இருந்திருக்கலாம்.

அரவிந்தைப் பற்றி இன்னும் சில சொல்லி நகர்கிறேன். ஒவ்வொரு டாக்டரின் அறுவையிலும் என்ன சிக்கல் வந்தது என்று குறித்து வைத்து, அதை உட்கார்ந்து அலசுகிறார்கள். இளம் மருத்துவர்கள் தங்கள் கையை மேம்படுத்திக்கொள்ள அந்தக் குறிப்புகள்தான் பாடம். வெளிநாட்டிலிருந்து வரும் கண் லென்ஸ் ஏழைக்குக் கட்டுப்படியாகாத விலையில் இருந்தது. 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்று தொழிற்கூடம் தொடங்கி, விலையைப் பத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அந்த லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. தாங்கள் கற்றதை மற்ற மருத்துவமனைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே தனியாக ஒரு பயிற்சி நிறுவனம் வைத்திருக்கிறார்கள். தொழில் ரகசியம் என்று பூட்டி வைத்தவர்கள் இல்லை. 2006 ஜூலையில் டாக்டர் வி காலமானார். அவர் போன பிறகும் இந்த ஏற்பாடு தடுமாறவில்லை. அவர் விட்டுப்போனதில் இதுவே பெரியது என்பேன்.

இனி தையல் லைனுக்கு வருவோம், ஜப்பான் வழியாக.

ஜப்பானில் சாகிச்சி டொயோடா என்பவர் தறிகளைச் சீர்திருத்திக்கொண்டே இருந்தார். நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறி அவர் செய்தது. 1924-ல் வந்த தானியங்கித் தறி அந்த உழைப்பின் உச்சம். அறுந்த நூலோடு தறி ஓடிக்கொண்டே இருந்தால் துணி கெடும். கெட்டதைக் கண்டுபிடிக்கவே ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவருடைய குடும்பம் பின்னால் தொடங்கிய டொயோட்டா கார் தொழிற்சாலையில் இதே எண்ணத்தை மனிதர்கள் வேலை செய்யும் லைனுக்குக் கொண்டுபோனார்கள். லைனை ஒட்டி ஒரு கயிறு தொங்கும். வேலையில் ஏதாவது சரியில்லை என்றால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். இழுத்ததும் அவருடைய குழுத் தலைவர் ஓடிவர வேண்டும். திட்ட இல்லை, உதவ. நேரத்துக்குள் சரியானால் லைன் ஓடும்; ஆகாவிட்டால் நிற்கும். டொயோட்டாவின் பெயர் உலகத்தில் நிலைத்ததற்கு இந்தக் கயிற்றுக்கும் பங்கு உண்டு.

சகோதரி செக்கிங்கில் இருந்தவர். ஆல்ட்ரேஷன் பீஸ் மலைபோல் குவிவது எப்படி என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் பண்டலிலேயே தையல் ஓடியிருப்பதைப் பார்த்த டெய்லர், சொன்னால் திட்டு விழும் என்று வாயை மூடிக்கொள்கிறார். ஷிப்மென்ட் நெருங்கும்போது அத்தனையும் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கிறது. உங்கள் லைனில் கயிறு கட்ட வேண்டாம். "அக்கா, இது சரியில்லை, வந்து பாருங்க" என்று ஒரு பெண் கூப்பிட்டால், முகம் சுளிக்காமல் எழுந்து போனால் போதும். ஒரு வாரம் அப்படிப் போய்ப் பாருங்கள். பயந்துகொண்டு மறைத்தவர்கள் தாங்களாகவே கூப்பிட ஆரம்பிப்பார்கள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மிஷின் எப்போதெல்லாம் நின்றது, எதனால் நின்றது என்று மட்டும் அதில் எழுதுங்கள். கட்டிங்கிலிருந்து பண்டல் வரத் தாமதம். நூல் கலர் மாறி வந்தது. ஊசி உடைந்து மெக்கானிக் வரவில்லை. கரண்ட் போய் ஜெனரேட்டர் போடும்வரை சும்மா இருந்தார்கள். யாரால் என்று எழுத வேண்டாம், எதனால் என்று எழுதுங்கள். சில வாரங்களில் உங்களுக்கே தெரிந்துவிடும், டார்கெட் குறைந்ததில் டெய்லரின் சோம்பல் எவ்வளவு, காத்திருப்பு எவ்வளவு என்று. மோட்டிவேட் பண்ணச் சொன்ன மேனேஜரிடம் அந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எல்லா மேனேஜரும் பார்ப்பார்கள் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். பார்க்கிறவர் உங்களை வேறு மாதிரி மதிப்பார். அவர் பார்க்காவிட்டாலும், நீங்கள் லைனில் இருப்பவர்களுக்காக மேலே போய்ப் பேசினீர்கள் என்ற செய்தி அந்த மத்தியானத்துக்குள் கடைசி மிஷின்வரை போய்விடும்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒன்றரை ஷிப்ட் உழைத்துவிட்டு சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரிக்கும்போது கணக்கு இடித்தால், எந்த ஊக்கமும் நிற்காது. பாத்ரூம் போய்வந்தால் பீஸ் குறையுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களிடம் உற்சாகத்தைப் பற்றிப் பேசுவது அநியாயம். நம் ஊர் ஜவுளிக்கடைகளில் விற்பனைப் பெண்கள் காலையிலிருந்து இரவுவரை நின்றுகொண்டே இருந்தார்கள். ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. ஒரு ஸ்டூல். அந்தக் கடைகளில் எத்தனை மேலாளர்கள் நாள்தோறும் அந்தப் பெண்களின் முன்னால் நடந்து போயிருப்பார்கள்! அந்த ஸ்டூலைப் போட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாமல் இருந்திருக்காது. தோன்றியதைச் செய்யும் தைரியம்தான் இல்லாமல் போயிருக்கும். சம்பளத்தை உயர்த்தும் அதிகாரம் சூப்பர்வைசருக்கு இல்லை. "போய்ட்டு வாங்கக்கா, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லும் அதிகாரம் இருக்கிறது. யாரும் கொடுக்காவிட்டாலும் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நூல் கோக்கச் சொல்லிக்கொடுத்த அந்த அக்கா. அவரை அக்கா என்று கூப்பிடுவதை விட்டுவிடாதீர்கள். பதவி வந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் மதிப்பு என்று சிலர் உங்களுக்குச் சொல்வார்கள், கேட்காதீர்கள். டீ நேரத்தில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அக்கா, நம்ம லைன்ல எது இடிக்குது?" என்று கேளுங்கள். இத்தனை வருஷம் அந்த மிஷினில் இருந்தவருக்குத் தெரியாதது உங்களுக்கும் எனக்கும் தெரிந்திருக்காது. அவர் சொல்வதில் ஒன்றையாவது அந்த வாரமே செய்து காட்டுங்கள். புதிதாக வரும் பெண்ணை அவரிடம் ஒப்படையுங்கள். அந்த நேரத்துக்கு அவருடைய பீஸ் கணக்கு குறைந்தால், அதற்காக அவர் கூலி குறையாமல் பார்த்துக்கொள்ள நீங்கள் மேலே போய்ப் போராட வேண்டியிருக்கும். போராடுங்கள். கற்றுக்கொடுப்பவருக்குக் கூலி குறைகிற இடத்தில் யாரும் மனமாரக் கற்றுக்கொடுக்க மாட்டார்கள். அவர் முகம் கொடுத்துப் பேசாத நாளும் வரும். தன்னைவிடச் சின்னவள் மேலே போனதில் அவருக்கு வருத்தம் இருந்தால் அது நியாயமான வருத்தம்தான். அதைப் பொறுத்துக்கொள்வதும் உங்கள் புது வேலையில் சேர்ந்ததுதான்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வேலை வாழ்க்கையில் உங்களுக்கு வழி விட்ட ஒருவரைப் பற்றி எழுதி அனுப்புங்கள். மேஸ்திரி, ஹெட் கிளார்க், சமையல் மாஸ்டர், டிப்போ மேனேஜர், தலைமை ஆசிரியை, பெரிய கொத்தனார், யாராக இருந்தாலும் சரி. ‘நல்ல மனுஷர்’, ‘தங்கமான மனசு’ என்று மட்டும் எழுதினால் எங்களுக்குப் போதாது. அவர் செய்த ஒரு காரியத்தை, அது நடந்த இடத்தோடு, அவர் சொன்ன வார்த்தையோடு எழுதுங்கள். கையால் எழுதினாலும் சரி, ஒரே பக்கமானாலும் சரி. வருகிறவற்றில் சிறந்தவற்றைத் தொடர்ந்து வெளியிடுகிறோம். திருப்பூரிலிருந்து அடுத்த கடிதம் வந்தால் அதற்கும் இடம் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்